அறுபத்து நாலு அடிக் குழாய்

9 ஜூன் 1958, திங்கள்

சங்கிலியை இழுத்தால் தண்ணீர் கீழே போகவேண்டும். இன்று காலை மேலே வந்தது. நான் ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்றுகொண்டு கத்தினேன். அப்பா ஓடி வந்தார். கக்கூஸைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னத்தைடீ போட்டே உள்ளே?"

ஒன்றும் போடவில்லை. சத்தியமாகப் போடவில்லை. பக்கத்து வீட்டுச் சந்திரம்மாவின் கேட்டில் 'இன்று மாலை ஆறு மணிக்கு நாய்க் கச்சேரி, அனைவரும் வருக' என்று கன்னடத்தில் எழுதி ஒட்டியது நான். அப்பாவின் பொடி டப்பாவில் மிளகுப் பொடி கலந்தது நான். அதற்கெல்லாம் அடி வாங்கியாயிற்று, கணக்குத் தீர்ந்தது. இது நானில்லை. ஆனால் இந்த வீட்டில் எது உடைந்தாலும் எது அடைத்தாலும் முதலில் தண்டனை, அப்புறம்தான் விசாரணை.

எட்டு மணிக்குள் கொல்லைப்புறம் முழுக்க நாற்றம். ஜெயாக்கா வேறு வந்திருக்கிறாள். எட்டாம் மாதம். தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான் என்று மைசூரிலிருந்து போன வாரம்தான் அழைத்து வந்தோம். அவளுக்கு மணிக்கொருதரம் கொல்லைக்குப் போயாகவேண்டும். பாவம், மூக்கில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

10 ஜூன், செவ்வாய்

சந்திரம்மா வீட்டுக் கக்கூஸுக்குப் பாதயாத்திரை. அப்பா முன்னால், நான் பின்னால், ஆளுக்கொரு செம்பு. "பன்னிம்மா பன்னி, சங்கோசப் படபேடி" என்று, கூச்சப்படாமல் வரச்சொல்லி, சந்திரம்மா வாசலிலேயே நின்று கன்னடத்தில் வரவேற்கிறாள். நாய்க் கச்சேரி எழுதியவளை இப்படி வரவேற்றால் எனக்குக் கூச்சம் வராமல் என்ன செய்யும்?

12 ஜூன், வியாழன்

கார்ப்பரேஷன் இன்ஸ்பெக்டர் ஓஸ்வால்ட் வந்தார். விவேக் நகர்க்காரர். கழுத்தில் டை, காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். பாதி ஆள் ஆபீசுக்கும் பாதி ஆள் சேற்றுக்கும் புறப்பட்ட மாதிரி இருந்தார். தெருவில் இருக்கும் இரும்பு மூடியைத் தூக்கி டார்ச் அடித்தார்.

"பாருங்க சார். மத்த வீட்டுத் தண்ணியெல்லாம் ஜோரா ஓடுது. உங்க குழாய் வாய் மட்டும் காஞ்சு கிடக்குது. அடைப்பு தெருவுல இருந்தா எங்க வேலை. இது உங்க வீட்டுக்குள்ள. கக்கூஸ்லேர்ந்து இந்த மூடி வரைக்கும் உங்க ப்ராப்பர்ட்டி."

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. அப்பா மராமத்து இலாகாவில் ஓவர்சியராக இருந்து ரிடையர் ஆனவர். 'என் குழாய் அடைக்காது' என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பீரோவைத் திறந்து பழைய பிளானை எடுத்து மேஜைமேல் விரித்தார். இந்த வீட்டை 1948-ல் அவரேதான் நின்று கட்டினார். கவிபுரத்தில் எங்கள் வரிசைக்குப் பின்னால் சந்து கிடையாது, வெறும் பாறை. அதனால் கொல்லைக் கக்கூஸிலிருந்து வீட்டைத் தாண்டி முன்தெருவுக்குத்தான் குழாய் வரவேண்டும். பிளானில் அது நேராக வரவில்லை. கிழக்கே திரும்பி, வீட்டைச் சுற்றி, மறுபடி திரும்பித் தெருவுக்கு வருகிறது. நூற்றுப் பத்து அடி.

"இவ்ளோ சுத்து ஏன் சார்?" என்றார் ஓஸ்வால்ட்.

பதில் சொன்னது அம்மா. இந்தக் கதையை நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். நேராகப் போட்டால் குழாய் கோயிலாழ்வார் உள்ளுக்கு, அதாவது எங்கள் பெருமாள் எழுந்தருளியிருக்கும் அறைக்கு, அடியில் போகும். கூடாது என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னாள். அப்பா மறுபேச்சில்லாமல் சுற்றிப் போட்டார்.

"இந்தத் தெருவுலே எந்தப் புருஷன் ஆம்படையா பேச்சைக் கேட்டு நாப்பத்தாறு அடி அதிகமாக் குழாய் போட்டான்? சொல்லுங்கோ பார்ப்போம்!"

ஓஸ்வால்ட் சிரித்தார். அப்பா பிளானை மடித்தார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

14 ஜூன், சனி

குழாய் வேலைக்காரர் வந்துவிட்டார். ஸ்ரீராம்புரம். பெயர் பெருமாள்சாமி. அம்மாவுக்கு இதில் பெரிய சங்கடம். கக்கூஸ் வேலைக்கு வந்தவரை வாய் நிறையப் பெருமாள் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருக்கிறது. "ஏம்ப்பா... உன்னைத்தான்" என்று சமாளிக்கிறாள்.

முதல் வளைவு பிளானில் எங்கே இருக்கிறதோ அங்கே தோண்டினார்கள். மூன்றடி. குழாய் இல்லை. நாலடி. குழாய் இல்லை. பாறை வந்தது.

"சாமி, வளைவு வளைஞ்சு எங்கியோ பூட்ச்சு" என்றார் பெருமாள்சாமி.

"இன்னும் ரெண்டடி தள்ளித் தோண்டு" என்றார் அப்பா.

தள்ளித் தோண்டினார்கள். இன்னும் தள்ளி. மாலைக்குள் கிழக்குப் பக்கம் முழுக்கப் பெருச்சாளி விளையாடிய மாதிரி ஆகிவிட்டது. குழாய் மட்டும் இல்லை. இவ்வளவு பெரிய பொருளைத் தொலைத்ததற்கு நானாக இருந்தால் தோல் உரிந்திருக்கும்.

மத்தியானம் அம்மா பெருமாள்சாமிக்கு மோர் ஊற்றினாள், ஓர் அடி உயரத்திலிருந்து. அவர் குனிந்து கையேந்திக் குடித்தார். நம்முடையதை அவர் கையால் அள்ளலாமாம், நம்முடைய டம்ளரை மட்டும் தொடக்கூடாதாம். கேட்டேன். "பெரியவா விஷயத்துலே தலையிடாதே" என்று பதில் வந்தது. பெரியவா விஷயந்தானே அடைத்துக்கொண்டு நிற்கிறது!

17 ஜூன், செவ்வாய்

மழை. பள்ளமெல்லாம் குளம். தவளை வந்துவிட்டது. குழாய் வரவில்லை.

19 ஜூன், வியாழன்

இன்று ஒரு விஷயம் நடந்தது.

பெருமாள்சாமி மூங்கில் பிளாச்சுகளை ஒன்றோடொன்று கட்டி, கக்கூஸ் பக்கத்துத் தொட்டியிலிருந்து குழாய்க்குள் விட்டார். பள்ளிக்கூடம் அரை நாள். அதனால் அடி எண்ணுகிற உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. முப்பத்தெட்டு அடி போய் முட்டி நின்றது. வெளியே இழுத்தால் நுனியில் மண்ணும், உடைந்த குழாய்ச் சில்லும்.

"அடைப்பு இல்ல பாப்பா. குழாயே ஒடைஞ்சு உக்காந்துக்குது. இத எவ்ளோ குத்தினாலும் சும்மனே. மாத்தணும்."

பிறகு தெருப்பக்கத்து மூடி வழியாக விட்டார். இருபத்தாறு அடியில் முட்டியது.

முப்பத்தெட்டும் இருபத்தாறும் அறுபத்து நாலு. பிளானில் நூற்றுப் பத்து! மீதி நாற்பத்தாறு அடி எங்கே? அதோடு, வெறும் மூங்கில் எப்படி ஒரு முனையில் செங்குத்தாகத் திரும்பும்? திரும்பாது. நேராகத்தான் போயிருக்கிறது. நான் கக்கூஸ் தொட்டியிலிருந்து கயிறு பிடித்து வீட்டுக்குள் நேராக அளந்துகொண்டே போனேன். கொல்லைக் கதவு, தாழ்வாரம், முப்பத்தெட்டாவது அடி—

கோயிலாழ்வார் உள். பெருமாளுக்கு நேர் கீழே.

திரும்பிப் பார்த்தால் பெருமாள்சாமி தாழ்வாரத்துப் படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார். கயிற்றைப் பார்த்தார், அறையைப் பார்த்தார், பீடி பற்ற வைக்கப் போய்விட்டார்.

20 ஜூன், வெள்ளி

ராத்திரி சாதம் போடும்போது சொன்னேன். "குழாய் சுத்திப் போகலை. நேராத்தான் போறது. பெருமாளுக்கு அடியிலே."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "எதுலே விளையாடறதுன்னு ஒரு வரைமுறை இல்லையாடீ?"

"அளந்து பார்த்தேம்மா! முப்பத்தெட்டும் இருபத்தாறும்—"

"வாயை மூடு. உங்கப்பா எனக்காகச் சுத்திப் போட்ட குழாயைப் பத்தி இனிமே ஒரு வார்த்தை பேசினியோ..."

நான் அப்பாவைப் பார்த்தேன். ஓவர்சியர். கூட்டல் தெரிந்தவர். அவர் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பழைய குழாயை விட்டுத் தள்ளுவோம். கிழக்குப் பக்கமே பாறையை உடைச்சுப் புதுசாப் போட்டுடலாம்" என்றார்.

நிஜம் சொன்னால் திட்டு. பொய் சொன்னாலும் திட்டு. அப்படியானால் பொய்யே சுலபமில்லையா? அதில் கயிறு பிடித்து அளக்கிற வேலையாவது மிச்சம்.

22 ஜூன், ஞாயிறு

கல் உடைப்பவர்கள் நேற்றே வந்துவிட்டார்கள். டங், டங், டங். வெடி வைக்கக் கூடாது, பக்கத்தில் வீடுகள். உளிதான். ஒரு நாளைக்கு ஒன்றரை அடி. எழுபது அடிப் பாறை. கணக்கு வாத்தியார் இதைப் பரீட்சையில் கேட்கலாம்: குழந்தை முதலில் வருமா, குழாய் முதலில் வருமா?

சாயங்காலம் அப்பா மண்மேட்டின்மேல் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அப்பா. நான் சொன்னது நிஜம்தானே?"

ஒரு மண்கட்டியை எடுத்து உதிர்த்தார். பிறகு மண்ணைப் பார்த்தே சொன்னார். "அந்த வருஷம் சிமெண்டுக்குக் கண்ட்ரோல். கிழக்காலே நாலடியிலே பாறை. நாலு நாள் உளியடிச்சும் நகரலே. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிச்சாச்சு. நேரா போடுன்னுட்டேன். அப்புறமா மாத்திக்கலாம்னுதான்..."

"மாத்தலையே?"

"கிரகப்பிரவேசத்தன்னிக்கே உங்கம்மா வந்தவா எல்லார்கிட்டயும் சொல்லிட்டாடீ. எங்காத்துக்காரர் எனக்காகச் சுத்திப் போட்டார்னு. மூஞ்சியெல்லாம் அப்படி ஒரு சந்தோஷம். அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

"இப்போ சொல்லுங்கோ. நேராப் போட்டா மூணு நாள் வேலைன்னு பெருமாள்சாமி சொல்றார்."

"நீ சொல்லிடாதே, பாமா."

அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார். என்னைப் போய்! ஒரு மிட்டாய் ரகசியத்தைக்கூட அரை மணி நேரம் வைத்துக்கொள்ளத் தெரியாதவளிடம் பத்து வருஷத்து ரகசியத்தைக் கொடுத்துவிட்டுப் போனால்? இப்போது என் வாயிலும் ஓர் அடைப்பு.

24 ஜூன், செவ்வாய்

ஜெயாக்கா வழுக்கி விழுந்துவிட்டாள்.

விடியற்காலை, மழைச் சேறு, சந்திரம்மா வீட்டுக்குப் போகிற வழியில். கையூன்றிப் பக்கவாட்டில் விழுந்தாள். கூட நான்தான் போனேன். பிடித்துக்கொண்டிருந்த கை நழுவிவிட்டது. 'அம்மா' என்று ஒரு சத்தம். அது இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

லேடி டாக்டர் வந்து பார்த்தாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை, துடிப்பு நன்றாக இருக்கிறது. ஆனால் இனிமேல் இப்படி நடக்கவே கூடாதாம். அறையில் பெட்பான் வைத்திருக்கிறோம். ஜெயாக்கா அழுகிறாள். வலியால் இல்லை, வெட்கத்தால்.

டங், டங், டங். இன்று ஒன்றே கால் அடி.

26 ஜூன், வியாழன்

மைசூரிலிருந்து தந்தி. அத்திம்பேர் ஞாயிற்றுக்கிழமை வந்து ஜெயாக்காவை அழைத்துப் போகிறாராம். விழுந்த செய்தியை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ராத்திரி ஜெயாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "போன வருஷம் அங்கேதான் மூணு மாசத்துலே கலைஞ்சது. டாக்டர்கிட்டக் கூட்டிண்டு போங்கோன்னு ரெண்டு நாள் கெஞ்சினேன். மாமியார் கஷாயம் வெச்சுக் கொடுத்தா. நான் அங்கே போமாட்டேன், பாமா. இங்கேயே எப்படியாவது..."

எப்படியாவது என்றால் எப்படி? ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லவேண்டியவர் திருமண் இட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

27 ஜூன், வெள்ளி

அப்பாவிடம் மூன்று தடவை போனேன். காலையில் "பார்க்கலாம்." மத்தியானம் "பார்க்கலாம்னேன்." சாயங்காலம் நான் வாயைத் திறப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கோபம் கோபமாக வருகிறது. இந்த மனுஷரா ஊருக்கெல்லாம் பாலம் கட்டினார்?

29 ஜூன், ஞாயிறு

அப்படியே எழுதி வைக்கிறேன்.

பத்து மணிக்கு அத்திம்பேர் டாக்ஸியோடு வந்தார். நல்லவர்தான். சேஷகிரி என்ற பெயருக்கேற்ற உயரம், ஆனால் தன் அம்மா எதிரில் மட்டும் மலை குனிந்துவிடும். "மாமா, தப்பா நினைச்சுக்காதீங்கோ. அம்மா பிடிவாதமா இருக்கா. இந்தச் சேத்துலே எப்படி..." என்று இழுத்தார். யார் என்ன சொல்லமுடியும்? வீடே போர்க்களம். பெட்டி டாக்ஸியில் ஏறிவிட்டது. பெருமாள்சாமி கிழக்குப் பக்கத்தில் கடப்பாரையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்திரம்மா மதில்மேல் எட்டிப் பார்த்தாள்.

ஜெயாக்கா வாசற்படி இறங்கும்போது என்னைப் பார்த்தாள். அழக்கூட இல்லை. விட்டுவிட்ட மாதிரி ஒரு முகம்.

எனக்கு என்னவோ ஆகிவிட்டது. "போகவேண்டாம்! மூணு நாள்லே முடிஞ்சுடும்! நேராப் போட்டா மூணே நாள்! ஏற்கெனவே நேராத்தான் இருக்கு, பத்து வருஷமாப் பெருமாளுக்கு அடியிலேதான் போயிண்டிருக்கு!" என்று கத்தினேன்.

அம்மா திரும்பினாள். "அக்கா புறப்படற நேரத்துலேயுமாடீ உன் கூத்து? பெருமாள் பேர்லேயா விளையாடறே?" கை ஓங்கிவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அடி விழவில்லை.

"அவளை அடிக்காதே." அப்பா குரல். "அவ சொல்றது நிஜம். நான்தான் நேராப் போடச் சொன்னேன். பிளான் பொய். உங்கிட்ட சொன்னதும் பொய்."

டாக்ஸிக்காரர், அத்திம்பேர், சந்திரம்மா, பெருமாள்சாமி, எல்லோர் எதிரிலும் சொன்னார்.

அம்மாவின் கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாக இறங்கியது. டாக்ஸிக்காரர் ஒரு தரம் ஹாரன் அடித்தார்.

அம்மா அப்பாவைப் பார்க்கவேயில்லை. அத்திம்பேரிடம், "மாப்பிள்ளே, பெட்டியை இறக்குங்கோ" என்றாள். என்னிடம், "பாமா, உங்கப்பாகிட்டக் கேளு, மூணு நாளா நாலு நாளான்னு" என்றாள்.

அப்பா இரண்டடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். கேட்டேன். "நாலு" என்றார். "நாலாம்மா" என்றேன்.

30 ஜூன், திங்கள்

அம்மா ஈரப் புடவையோடு தானே பெருமாளைக் கூடத்து வடகிழக்கு மூலைக்கு எழுந்தருளப் பண்ணினாள். யாரையும் தொட விடவில்லை. ஜெயாக்கா ஏதோ சமாதானம் சொல்லப் போனாள்.

"குழாய் போனதுக்கில்லேடி" என்றாள் அம்மா. "பாறை இருந்தா இருக்குன்னு சொல்லியிருக்கலாம். பத்து வருஷமா நான் ஊர் முழுக்கச் சொல்லிண்டு திரிஞ்சேன். அவர் பக்கத்துலே நின்னு கேட்டுண்டே இருந்தார் பார், அதான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு சிலேடைகூட வரவில்லை.

அத்திம்பேர் ஊருக்குப் போகவில்லை. லீவு போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண் சுமக்கிறார். மலை நகர்ந்துவிட்டது.

2 ஜூலை, புதன்

அறைத் தரையைப் பெயர்த்தாயிற்று. பெருமாள் இருந்த இடத்தில் இப்போது பெருமாள்சாமி, இடுப்பளவு குழியில். நாலு மண் குழாய்கள் நடுவில் தொங்கிப்போய், இணைப்பெல்லாம் விட்டுக் கிடந்தன.

"பாத்தியா பாப்பா, அடியில மண்ண கெட்டிக்கவே இல்ல. வீட்டுக்குக் கீழ மண் குழாய் வெக்கவே கூடாது. செவுத்து எடை தாங்காது. வார்ப்பிரும்புதான் போடணும், இணைப்புக்குச் சணல் திணிச்சு ஈயம் ஊத்தணும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒங்கப்பாரு அன்னிக்கு எல்லார் எதுருலயும் நெசத்த சொன்னாரு பாரு. எங்கூட்ல நானு அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார்.

வாட்டம் பார்க்கிறார்கள். நாற்பது அடிக்கு ஓரடி இறக்கம். குறைந்தால் தண்ணீர் தேங்கும், அதிகமானால் தண்ணீர் மட்டும் ஓடிப்போய் மற்றது தங்கிவிடும். அப்பா ரசமட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு குழாய்க்கும் குனிகிறார். இரண்டு தடவை சரியாக இருந்ததையே கழற்றி மறுபடி வைக்கச் சொன்னார். "சாமி, பேஜார் பண்றீங்க" என்றார் பெருமாள்சாமி. அப்பா கேட்டதாகத் தெரியவில்லை.

என் உத்தியோகம் தபால்காரி. "உங்கப்பாவைச் சாப்பிட வரச்சொல்லு." "அம்மாகிட்ட அஞ்சு நிமிஷம்னு சொல்லு." ஒரே தாழ்வாரத்தில் இரண்டு தேசங்கள், நடுவில் நான். ஒரு கடிதத்தையாவது மாற்றிக் கொடுக்கலாமா என்று கை அரித்தது. கொடுக்கவில்லை.

5 ஜூலை, சனி

நாலு நாள் என்றது ஆறு நாள் ஆயிற்று. ஓஸ்வால்ட் தன் கண்ணால் பார்க்காமல் குழியை மூடக்கூடாதாம். அவர் நேற்று வரவில்லை. பள்ளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தோம். இன்று வந்தார். தெருப்பக்கம் குழாயை இறுக அடைத்து, மேல்பக்கம் வரை தண்ணீர் நிரப்பி, மட்டத்தில் சாக்பீஸ் கோடு போட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரம். தண்ணீர் இறங்கினால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

ஒரு நூல்கூட இறங்கவில்லை.

"ஃபர்ஸ்ட் கிளாஸ் சார். இப்ப புது பிளான் குடுங்க. போட்ட மாதிரியே."

'போட்ட மாதிரியே' என்ற வார்த்தையில் அப்பாவின் காது சிவந்தது. உட்கார்ந்து வரைந்தார். நேர்கோடு. அறுபத்து நாலு அடி.

பின்னாளில் வீடு கட்டப்போகும் பாமாவுக்கு: குழாய் எங்கே போகிறது என்று சுவரிலிருந்து அளந்து எழுதி வை. அதை மூடுமுன் தண்ணீர் விட்டுப் பார். தெரு மூடி வரை உன் பாடு என்பதை மறக்காதே. பாறை வந்தால் அன்றைக்கே வீட்டில் சொல்லிவிடு. மற்றதையெல்லாம் காசு கொடுத்துச் சரி பண்ணலாம்.

சாயங்காலம் ஜெயாக்கா தன் காலால் நடந்து கொல்லைக்குப் போய் வந்தாள். சங்கிலி இழுத்த சத்தம் கேட்டது. தண்ணீர் கீழே போனது. அத்திம்பேர் கைதட்டினார், அசடு.

12 ஜூலை, சனி

அம்மா இன்னும் அப்பாவோடு பேசவில்லை. தபால் இலாகாவுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது லீவு உண்டு. எனக்கு இல்லை.

24 ஜூலை, வியாழன்

பெண் குழந்தை! விடியற்காலை, பிரசவ ஆஸ்பத்திரியில். ஆறே முக்கால் பவுண்டு. ஜெயாக்கா சௌக்கியம். அந்த லேடி டாக்டரே இருந்தாள். நான் பார்த்தேன், கையை முறுக்கிக்கொண்டு எல்லோரையும் முறைக்கிறது. எனக்கு வாரிசு வந்துவிட்டது.

2 ஆகஸ்ட், சனி

ஜெயாக்காவும் குழந்தையும் வீட்டுக்கு வந்தாயிற்று. தீட்டு, தனியறை வேண்டும். காலியாக இருப்பது பழைய கோயிலாழ்வார் உள்தான். அம்மா ஒரு நிமிஷம் அந்த வாசலில் நின்றாள். அப்புறம், "கட்டிலை இங்கேயே போடுங்கோ" என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். கட்டிலைப் போட்டது அப்பா.

10 ஆகஸ்ட், ஞாயிறு

குழந்தை ஒரு நாளைக்கு இருபது துணி நனைக்கிறது. எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கொல்லைக்கும் உள்ளுக்கும் ஓடுவது யார்? அடியேன். இன்று பத்தாவது தடவையாகப் புறப்பட்டபோது அம்மா அறைக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள். குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பா வாசலில் தினசரி படித்துக்கொண்டிருந்தார்.

"கீழேதான் அந்தக் குழாய் போறதே. இந்த மூலையிலேயே சின்னதா ஒரு தொட்டி கட்டி, தண்ணி போக வழி பண்ணப்படாதோ? துணி அலச, குழந்தையைக் குளிப்பாட்ட..."

நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். "அப்பா, அம்மா கேக்கறா, இந்த மூலையிலே—"

"நீ சும்மா இரு" என்றாள் அம்மா. "நான் அவரைத்தான் கேக்கறேன்."

நாற்பத்திரண்டு நாள். விரல் விட்டு எண்ணினேன்.

அப்பா தினசரியைக் கீழே வைத்தார். எழுந்து வந்தார். அறைக்குள் வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மூலைக்குப் போய்க் குந்தி உட்கார்ந்து, ஒரு கல்லின் விளிம்பில் விரலை விட்டு நெம்பினார். மற்ற கல்லெல்லாம் சிமெண்டு பூசியவை. அது மட்டும் பூசாமல் வெறுமனே வைத்திருந்தது. அடியில் இரும்புக் குழாயின் வாய், மூடி போட்டு முடுக்கி.

"அன்னிக்கே ஒரு கிளை விட்டு மூடி வெச்சேன்" என்றார். "வாசனை ஏறாம அடியிலே தண்ணி நிக்கற வளைவும் இருக்கு. மேலே தொட்டி கட்டினாப் போறும்."

ஆறு நாளும் அந்தக் குழியையே சுற்றி வந்தேனே, எனக்கே தெரியாது. நான் பள்ளிக்கூடம் போயிருந்தபோது வைத்திருக்கிறார்.

அம்மா அந்த மூடியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"இதையும் எங்கிட்ட சொல்லலை."

"சொல்லணும்னுதான்... நீ பேசலையே."

அம்மா குழந்தையைத் திருப்பிப் போட்டு முதுகில் எண்ணெய் வைத்தாள். "இந்த ஆத்துக்கு அடியிலே இன்னும் என்னெல்லாம் இருக்கு? இப்பவே சொல்லிடுங்கோ. ஒரேயடியாக் கேட்டுக்கறேன்."

அப்பா யோசித்தார். மோவாயைத் தடவிக்கொண்டு நிஜமாகவே உட்கார்ந்து யோசித்தார். கட்டிலில் ஜெயாக்கா தலையணையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.